மேற்கோள் குறி மூடிய இடம்

கல்முனைக் கரையோரத்தில் காணிகளுக்குப் பெயர் உண்டு. மருதமுனை தொடங்கி சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று வரை எந்தப் பழைய உறுதியை விரித்தாலும் அதன் அட்டவணையில் மேற்கோள் குறிகளுக்குள் ஒரு பெயர் இருக்கும். அதன் பின்னால் “என்னும் காணி” என்ற சொற்களும், நான்கு எல்லைகளும், பரப்பும் வரும். எல்லையிலும் பரப்பிலும் எழுந்த வழக்குகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த மேற்கோள் குறி எந்த எழுத்துக்குப் பின்னால் மூடியிருக்க வேண்டும் என்பதே கேள்வியான வழக்கை ஒரு முறைதான் பார்த்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில், இளம் சட்டத்தரணியாக என் சீனியருக்குப் பக்கத்தில் அமர்ந்து குறிப்பெடுத்த காலம் அது. இரு தரப்புக் குடும்பங்களும் இன்றும் ஊரில் இருப்பதால் காணியின் பெயரை மாற்றி “மருதந்தோட்டம்” என்று வைத்துக்கொள்கிறேன். உண்மைப் பெயரும் ‘ம்’ என்ற எழுத்தில்தான் முடிந்தது. அதை மட்டும் மாற்ற முடியாது, ஏனென்றால் வழக்கு அந்த எழுத்தில்தான் தொடங்கியது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே மகளுக்கு ஒரு வளவும் வீடும் எழுதிக் கொடுப்பது ஒரு வாப்பாவின் வாழ்நாள் வேலை. இந்த வழக்கில் வந்த வாப்பாவுக்கு மருதந்தோட்டம் முழுவதும் சொந்தம். மூத்த மகளின் கல்யாணத்துக்கு முன் அதன் வடக்குப் பாதியை நன்கொடை உறுதியாக அவளுக்கு எழுதினார். தெற்குப் பாதியைத் தனக்கு வைத்துக்கொண்டார். மகள் வடக்குப் பாதியில் கல்வீடு கட்டினாள், கிணறு வெட்டினாள், வேலி அடைத்தாள். 1978 நவம்பரில் கிழக்குக் கரையை அடித்த சூறாவளியில் வாப்பாவின் தென்னைகள் விழுந்தன, கடன் ஏறியது. தெற்குப் பாதியை ஒரு வியாபாரிக்கு விற்றார். விற்பனை உறுதியை எழுதியவர் பழைய உறுதியின் அட்டவணையை அப்படியே பார்த்து எழுதியதால், அந்த உறுதி தெற்குப் பாதியை மட்டும் விற்கவில்லை. “மருதந்தோட்டம்” என்னும் காணி முழுவதையும் விற்றது. வாப்பா மௌத்தான பிறகுதான் வியாபாரி வடக்குப் பாதியையும் கேட்டு வழக்கு வைத்தார். மகளுக்காக வாதாடியவர் என் சீனியர்.

சாதாரண மனிதருக்கு இதில் வழக்கே இல்லை. முதலில் மகளுக்குக் கொடுத்துவிட்டதைப் பிறகு எப்படி விற்க முடியும்? எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் அந்த வாயிலிலேயே நுழைந்தார்: நன்கொடையைத் தந்தவரே திருப்பி எடுக்கலாம், விற்றதன் மூலம் எடுத்துவிட்டார் என்றார். 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் மரணசாசனமில்லா வழியுரிமைக் கட்டளைச் சட்டம் இதற்கு நேரான பதில் வைத்திருக்கிறது. உறுதியிலேயே மீட்க முடியாதது என்று எழுதியிருந்தாலன்றி எந்த நன்கொடையும் மீட்க முடியாததாகாது. உறுதியைக் கையில் கொடுத்தாலே காணியின் ஆட்சியைக் கொடுத்ததற்கு அது சான்றாகும். மகளின் உறுதியில் அந்த வாசகம் இருந்தது. உறுதி அவள் பெட்டியில் இருந்தது. அந்த வாயில் மூடியது.

அடுத்த வாயில்தான் ஆபத்தானது. 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, காணியைப் பற்றிய உறுதி முறைப்படி பதியப்படாவிட்டால், பின்னர் பணம் கொடுத்து அதே காணியை வாங்கி முறைப்படி பதிந்தவருக்கு எதிராக அது செல்லாது என்கிறது. முதலில் எழுதப்பட்டது எது என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. அதன் நோக்கம் நியாயமானதே: பணம் கொடுத்து வாங்குகிறவன் பதிவேட்டைப் பார்த்து நம்பி வாங்க வேண்டும், மறைந்து கிடக்கும் உறுதிகள் அவனைக் கவிழ்க்கக் கூடாது. இதில் “முறைப்படி” என்ற சொல் எல்லாப் பாரத்தையும் சுமக்கிறது. ஒரு காணியைப் பற்றிய முதல் உறுதி பதிவேட்டின் எந்தப் பக்கத்தில் பதியப்பட்டதோ, அந்தப் பக்கத்தில் அல்லது அதன் தொடர்ச்சியில்தான் பின்வரும் உறுதிகள் பதியப்பட வேண்டும். வேறு பக்கத்தில் பதிந்தால் இரண்டு பக்கங்களிலும் ஒன்றையொன்று சுட்டும் குறிப்பு எழுதியிருக்க வேண்டும். மகளின் உறுதி பதியப்பட்டிருந்தது. ஆனால் மருதந்தோட்டத்தின் பக்கத்தில் அல்ல, புதிதாகத் திறக்கப்பட்ட ஒரு பக்கத்தில். குறிப்பும் இல்லை.

ஏன் புதிய பக்கம் திறந்தார்கள் என்பதற்கான விடை உறுதியின் அட்டவணையில் இருந்தது. அதில் “மருதந்தோட்டத்தின் வடபாகம்” ஆகிய காணி என்று எழுதியிருந்தது. மேற்கோள் குறி ‘வடபாகம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் மூடியது. பதிவு எழுதுநர் குறிகளுக்குள் உள்ளதைக் காணியின் பெயர் என்று எடுத்துக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை அது சரியே. அப்படி ஒரு பெயருள்ள காணி பதிவேட்டில் இல்லை. ஆகவே முதல் தடவையாகப் பதிவுக்கு வரும் காணி என்று கருதிப் புதிய பக்கம் திறந்தார். முன்பதிவின் இலக்கத்தை உறுதியின் தலைப்பில் எழுதுவது வழக்கம். அந்த உறுதியில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. அதனால் எழுதுநரைத் திருப்பிவிட வேறு எதுவும் இருக்கவில்லை. ஒரு காணியின் வடக்குப் பாதி, ஒரு முழுக் காணியின் பெயராக மாறிவிட்டது.

தமிழின் இயல்பு இந்த வழக்கில் எப்படிக் குறுக்கிட்டது என்பதை நீதிமன்றத்துக்கு விளக்க என் சீனியர் ஒரு காலைப் பொழுதைச் செலவிட்டார். ஆங்கிலத்தில் உடைமையைக் காட்ட ஒரு பெயரின் வெளியே ஒரு குறியும் ஓர் எழுத்தும் ஒட்டினால் போதும். பெயர் உள்ளே அப்படியே நிற்கும். தமிழில் ‘வீரகேசரி’ போன்ற பெயரென்றால் ‘யின்’ என்பதைக் குறிக்கு வெளியே ஒட்டிவிடலாம். ஆனால் ‘ம்’ என்று முடியும் பெயர் வேற்றுமை ஏற்கும்போது தன் கடைசி எழுத்தையே இழக்கிறது. தோட்டம், தோட்டத்தின் ஆகிறது. குறியை எங்கே போட்டாலும் சிக்கல். “மருதந்தோட்டத்தின்” என்று மூடினால் பதிவேட்டில் இல்லாத ஒரு சொல் குறிக்குள் நிற்கிறது. “மருதந்தோட்டம்”இன் என்று எழுதினால் எந்தத் தமிழ் வாயும் அப்படிச் சொல்லாது. ஆகவே எழுதுகிறவர் தயங்குகிறார், தயக்கத்தில் குறி அடுத்த சொல்வரை ஓடிவிடுகிறது.

பிற்காலத்தில் நூல் வெளியீட்டு விழாக்களில் பேச அழைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வாதம் நினைவுக்கு வரும். எங்கள் மண்ணின் சட்டத்தரணியான எம். எச். எம். அஷ்ரப் தன் கவிதைத் தொகுதிக்கு வைத்த பெயர் ‘நான் எனும் நீ’. அந்தப் பெயருக்கு வேற்றுமை உருபு சேர்க்க முயன்று பாருங்கள். இலக்கணம் ‘நீ’யை ‘உன்’ ஆக்கச் சொல்கிறது. ஆக்கினால் அது அவர் வைத்த பெயர் அல்ல. ‘நான் எனும் நீ’யின் என்றால் கண்ணுக்குச் சரி, காதுக்கு இடறும். நல்ல பத்திராதிபர்கள் பெயரைத் தொடாமல் விட்டு, ‘நான் எனும் நீ’ என்ற தொகுதியின் கவிதைகள் என்று எழுதுவார்கள். உருபைத் தாங்க ஒரு பொதுச் சொல்லைப் பெயருக்குப் பின்னால் நிறுத்துவதுதான் வழி. பழைய நொத்தாரிசுமார் “என்னும் காணியின்” என்று நீட்டி எழுதியதும் இதற்காகத்தான். அதை வெறும் சம்பிரதாயச் சொல் என்று நினைத்துச் சுருக்கியவரின் உறுதிதான் எங்கள் கையில் இருந்தது.

சீனியரின் அடுத்த வாதம் காணியின் அடையாளத்தைப் பற்றியது. உறுதியில் பெயர் பிழைத்தாலும் எல்லைகள் பிழைக்கவில்லை. வடக்கே ஒழுங்கை, கிழக்கே அயலவர் வளவு, தெற்கே “இதே காணியின் எஞ்சிய பாகம்” என்று தெளிவாக இருந்தது. அடையாளம் நிச்சயமாகத் தெரியும்போது ஒரு தவறான விவரிப்பு உறுதியைக் கெடுக்காது என்பது பழைய, உறுதியான விதி. நீதிபதி இதை முழுமையாக ஏற்றார். வாப்பாவுக்கும் மகளுக்கும் இடையே அந்த உறுதி நூற்றுக்கு நூறு செல்லும் என்று விசாரணையின் நடுவிலேயே சொன்னார். எங்கள் பக்கத்து வாங்கில் ஒரு பெருமூச்சு எழுந்தது. நீதிபதி உடனே தொடர்ந்தார்: உறுதி செல்லுமா என்பது ஒரு கேள்வி, அது ஊருக்குத் தெரியும்படி பதியப்பட்டதா என்பது இன்னொரு கேள்வி, முதல் கேள்விக்கு எல்லை பதில் சொல்லும், இரண்டாவதற்குப் பதிவேட்டின் பக்கம் மட்டும்தான் பதில் சொல்லும்.

இங்கே தரித்து நிற்க வேண்டும், ஏனென்றால் வழக்கு இந்த இடத்தில்தான் தோற்றது, அதுவும் அநியாயமான நீதிபதியால் அல்ல. மருதந்தோட்டத்தை வாங்க வரும் ஒருவர் பதிவேட்டில் மருதந்தோட்டத்தின் பக்கத்தைத் திறப்பார். அதில் வாப்பாவின் பெயர் இருக்கும், நன்கொடை இருக்காது. பதிவேட்டின் பெயர் அட்டவணையில் அடுத்த வரியிலேயே “மருதந்தோட்டத்தின் வடபாகம்” என்று இருக்கிறதே, கவனமுள்ள எவரும் அதையும் பார்த்திருப்பாரே என்றார் சீனியர். நல்ல வாதம்தான். ஆனால் வாங்குகிறவர் என்னென்ன ஊகித்திருக்க வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. உரிய பக்கத்தில் பதிவோ குறிப்போ உண்டா என்று மட்டும் கேட்கிறது. ஊகத்தை அளவுகோலாக்கினால் எந்தப் பதிவேட்டையும் யாரும் நம்ப முடியாது என்றார் நீதிபதி. அவர் சொன்னதில் எனக்கு அன்றும் பிழை தெரியவில்லை.

மோசடி ஒன்றே மிஞ்சியது. பின்னைய உறுதி மோசடியாலோ கூட்டுச் சதியாலோ பெறப்பட்டால் அதன் முன்னுரிமை அழியும் என்று அதே 7ஆம் பிரிவு சொல்கிறது. வியாபாரி ஒழுங்கைக்கு எதிர்ப்புறத்தில் கடை வைத்திருந்தவர். அந்தக் கல்வீடு எழும்பியதைப் பார்த்தவர். குறுக்கு விசாரணையில் சீனியர் அவரிடம், “அந்த வீட்டில் குடியிருந்தது யார் என்று உங்களுக்குத் தெரியாதா, ஹாஜியார்?” என்று கேட்டார். “தெரியும். வாப்பாட வளவில மகள் இருக்கிறது எங்கட ஊரில புதினமா, சேர்?” என்றார் அவர். அந்தப் பதில் உண்மை. ஆகவே அதை உடைக்க முடியவில்லை. முந்திய உறுதி ஒன்று இருப்பது தெரிந்திருந்தது என்பது மட்டும் மோசடியாகாது என்று நம் நீதிமன்றங்கள் நீண்ட காலமாகத் தீர்மானித்திருக்கின்றன. இங்கே தெரிந்திருந்தது என்றுகூட நிரூபிக்க முடியவில்லை. விலை முழுக் காணிக்குக் குறைவு, பாதிக்குச் சற்றுக் கூட. சூறாவளிக்குப் பிந்திய சந்தையில் அதிலிருந்து சதியை ஊகிப்பது கடினம்.

அந்தப் பெண் சாட்சிக் கூண்டில் ஏறிய நாளை நான் மறக்கவில்லை. தன் உறுதியில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியுமா என்று எதிர்த்தரப்பு கேட்டது. “வாப்பா ஒப்பம் வைக்கக்குள்ள வாசிச்சுக் காட்டினாங்க. மருதந்தோட்டத்தின் வடபாகம் எண்டு நான் என்ட காதால கேட்டன்” என்றாள். அவள் கேட்டது முற்றிலும் சரி. 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம், வாசிக்கத் தெரியாதவருக்கு உறுதியை வாசித்து விளக்க வேண்டும் என்கிறது. அந்தப் பாதுகாப்பு இந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது. ஆனால் மேற்கோள் குறிக்கு ஓசை இல்லை. குறி ‘தோட்டத்தின்’ என்பதோடு மூடினாலும் ‘வடபாகம்’ என்பதோடு மூடினாலும் வாசிப்பவர் வாயிலிருந்து வருவது ஒரே வாக்கியம். வாப்பா அரபுத்தமிழில் எழுதவும் படிக்கவும் தெரிந்தவர். உறுதியிலும் அந்த எழுத்தில்தான் ஒப்பமிட்டிருந்தார். அவர் ஓதி வளர்ந்த அந்தப் பழைய ஏடுகளில் இந்தக் குறிகள் கிடையாது. நம் ஓலைச்சுவடிகளிலும் கிடையாது. நிறுத்தக்குறிகள் தமிழ் உரைநடையில் நிலைபெற்றதே 19ஆம் நூற்றாண்டின் அச்சோடும் ஆறுமுக நாவலர் போன்றோரின் உழைப்போடும்தான். எழுதத் தெரிந்த ஒரு மனிதரை, அவர் கற்ற எழுத்தில் இல்லாத ஒரு குறி கட்டிப்போட்டது.

ஒரு குறி இவ்வளவு செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு நான் ரோஜர் கேஸ்மென்ட் என்பவரின் வழக்கைச் சொல்வேன். 1916இல் இலண்டனில், 1351ஆம் ஆண்டின் தேசத்துரோகச் சட்டத்தின் கீழ் அவர்மேல் குற்றம் சாட்டப்பட்டது. அவர் செய்ததாகச் சொல்லப்பட்டவை ஜெர்மனியில் நடந்தவை. சட்டத்தில் வரும் “அல்லது வேறிடத்தில்” என்ற தொடர் எந்தச் சொற்களைத் தழுவுகிறது என்பதில் அவர் உயிர் தங்கியிருந்தது. அந்தப் பழைய பிரெஞ்சு வாசகத்தில் காற்புள்ளி உண்டா என்று நீதிபதிகள் மூலச் சுருளையே போய்ப் பார்த்தார்கள். அந்த ஆண்டு ஓகஸ்ட் 3ஆம் திகதி அவரைத் தூக்கிலிட்டார்கள். எங்கள் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது 2021இல் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் வந்தது. ஒருவர் தன் முன்னாள் முதலாளி ஊழியரின் ஓய்வூதியப் பணத்தைக் கட்டவில்லை என்று பேஸ்புக்கில் எழுதும்போது உடைமைக் குறியை விட்டுவிட்டார். குறி இல்லாததால் அது ஓர் ஊழியரையா, எல்லா ஊழியரையுமா குறிக்கிறது என்ற கேள்வி எழுந்தது. ஒருவருக்குக் கட்டாதது வெறும் துரதிர்ஷ்டமாகப் படலாம், பலருக்குக் கட்டாதது வேண்டுமென்றே செய்ததாகத் தோன்றும் என்று கூறி, வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளிவிட நீதிபதி மறுத்தார். அந்த இரண்டு வழக்குகளிலும் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தங்கள் மொழியின் குறிகள் தெரிந்திருந்தன. எங்கள் கட்சிக்காரப் பெண்ணுக்கு அந்த வசதியும் இருக்கவில்லை.

பத்து ஆண்டு தடையற்ற ஆட்சி இருந்திருந்தால் 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம் காப்பாற்றியிருக்கக் கூடும். அது நிறையவில்லை. தீர்ப்பு வியாபாரிக்குச் சாதகமாக வந்தது. ஆனால் நீதிபதி அதோடு நிற்கவில்லை. நம் பொதுச் சட்டமான ரோமன்-டச்சுச் சட்டத்தில் ஓர் ஈரமான விதி உண்டு: தன்னுடையது என்று நல்லெண்ணத்தோடு நம்பி ஒருவர் ஒரு காணியை மேம்படுத்தினால், அந்த மேம்பாட்டின் பெறுமதி கொடுக்கப்படும்வரை அவரை வெளியேற்ற முடியாது. கல்வீட்டுக்கும் கிணற்றுக்கும் மதிப்புப் போடச் சொன்னார் நீதிபதி. அந்தத் தொகையை எண்ணி வைக்கும்வரை அந்தப் பெண் அங்கேயே இருக்கலாம் என்றார். பதிவேட்டின் விதி அவளிடமிருந்து எடுத்ததில் கொஞ்சத்தை இந்த விதி திருப்பிக் கொடுத்தது.

அந்தக் கொஞ்சம்தான் பேச்சுவார்த்தைக்கு வழி திறந்தது. காணியின் விலையோடு வீட்டின் விலையையும் கொடுக்க வியாபாரிக்கு விருப்பம் இல்லை. மேன்முறையீட்டுக்குப் போகக் குடும்பத்திடம் பணம் இல்லை. பள்ளிவாசலில் இரண்டு பக்கத்துக் குடிகளின் மரைக்காயர்மாரும் உட்கார்ந்தார்கள். வியாபாரி வடக்குப் பாதியை அவளுக்கே திருப்பி எழுதுவது, அவள் அதற்கு ஒரு தொகை கொடுப்பது என்று முடிந்தது. அவள் நகைகளை விற்றுக் கட்டினாள். வாப்பா இனாமாகத் தந்த வளவை மகள் விலைக்கு வாங்கினாள். அந்தத் தொகை நியாயமானது என்று மரைக்காயர்மார் சொன்னார்கள். கட்டியவள் யாரென்று பார்த்தால் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். காசை எண்ணிக் கொடுத்த அன்று அவள் என்னிடம், “தம்பி, நாங்க எந்த இடத்தில பிழை விட்டம்?” என்று கேட்டாள். நீங்கள் எங்கும் பிழை விடவில்லை ராத்தா என்று நான் சொன்னது ஆறுதலுக்காக அல்ல. அவளோ அவளுடைய வாப்பாவோ செய்திருக்க வேண்டிய, ஆனால் செய்யாமல் விட்ட ஒரு காரியத்தை இன்றுவரை என்னால் சுட்ட முடியவில்லை.

திருப்பி எழுதிய உறுதியைச் சீனியர் தானே வரைந்தார். “மருதந்தோட்டம்” என்று ‘ம்’ எழுத்தோடு குறியை மூடி, அதற்கு வெளியே ‘என்னும் காணியின் வடபாகம்’ என்று எழுதி, தலைப்பில் முன்பதிவு இலக்கத்தை இட்டு, பிரிவினைக்குத் திறக்கும் புதிய பக்கத்திலும் பழைய பக்கத்திலும் ஒன்றையொன்று சுட்டும் குறிப்பு ஏறுவதைப் பதிவகத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது, நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம்தான். மிஞ்சியவர்களில் பலர் உறுதிகளையும் இழந்திருந்தார்கள். பிரதி எடுக்க உதவும்படி என்னிடம் வந்தவர்களிடம் காணியின் பெயரைக் கேட்பேன். யாரும் பெயரை வெறுமையாகச் சொன்னதில்லை. “தோட்டத்துக் காணி”, “அந்தத் தோட்டத்துக்குள்ள நம்மட பங்கு” என்றுதான் வரும். தமிழ் வாயில் ஊர்ப் பெயரும் காணிப் பெயரும் உருபோடுதான் வாழ்கின்றன. சொல்வது அவர்கள் உரிமை. அந்தச் சொல்லிலிருந்து பெயரைப் பிரித்தெடுத்துப் பதிவேடு கேட்கும் வடிவில் நிறுத்துவது எழுதக் கூலி வாங்குகிறவர்களின் கடமை.

1998ஆம் ஆண்டின் உரித்துப் பதிவுச் சட்டம் நில அளவைப் படத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் இலக்கம் கொடுக்கிறது. இலக்கத்துக்கு உருபுச் சிக்கல் இல்லை. அந்த முறை ஒவ்வொரு பிரிவாகத்தான் நகர்கிறது. அது வந்து சேராத ஊர்களில் காணிகள் இன்னும் பழைய உறுதியிலும், மேற்கோள் குறிகளுக்குள் நிற்கும் பெயரிலும்தான் கைமாறுகின்றன. ஆகவே என்னிடம் பயிலும் பிள்ளைகளிடம் அட்டவணையை முதலில் வாசித்துக் காட்டச் சொல்வதில்லை. குறி எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்கிறேன்; பிறகு முன்பதிவு இலக்கத்தைக் கேட்கிறேன். அந்த இடம் வெறுமையாக இருந்தால், கட்சிக்காரர் வாசலில் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும், அந்த உறுதியில் ஒப்பம் வைக்க விடுவதில்லை.